நாலு மாசத்துக்கு ஒரு ஊடு

லைப்சிக், ஜெர்மனி
9.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

யாழினி எழுதுகிறேன். இங்கே நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் பதில் வருமோ வராதோ, கேட்டு வைக்கிறேன்.

இந்தத் தடவை நீங்கள் போர்வெல் போடப் போயிருக்கும் சத்தீஸ்கர் காட்டில் டவரே இல்லையாம், அம்மா போனில் சொன்னாங்க. உங்கள் ரிக் மேனேஜர் வேலுமணி அண்ணன் டீசல் வாங்க டவுனுக்கு வரும்போது என் மெயிலை அச்செடுத்து உங்களிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் அவர்கூட வந்து ஒரு போன் போடலாம். போட மாட்டீர்கள், தெரியும். நான் உங்கள் மகள்தானே, எனக்கும் பிடிவாதம் உண்டு. எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

புறப்படும்போது நீங்கள் கேட்டது காதிலேயே நிற்கிறது. "அடுத்தவன் ஊட்ல குடியிருந்தே எஞ்சென்மம் போச்சு. கடல் தாண்டிப் போயி நீயும் அதையேதான் பண்ணோணுமா சாமி?" அதற்குப் பிறகு நீங்கள் என்னோடு பேசவில்லை.

முதல் பத்து நாள் நீங்கள் கேட்டது சரிதான் என்றுகூடத் தோன்றியது. மொழி வகுப்பு நாலே மாதம். நாலு மாதத்துக்கென்று வீடு தர யாருக்கும் மனசில்லை. நாற்பத்தொரு பேருக்கு எழுதிப் பார்த்தேன். எட்டுப் பேர் படுக்கும் விடுதியில் மேல் கட்டில் எனக்கு. "இவள் என் வீட்டில்தான் இருக்கிறாள்" என்று ஒரு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாளை நான் பதினெட்டாம் தேதிக்குள் இங்குள்ள பதிவு அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வகுப்பும் இல்லை, அதை முடித்தால் கிடைக்கிற நர்ஸ் வேலையும் இல்லை. நேராகத் திருச்செங்கோடுதான்.

நாற்பத்திரண்டாவதாக எழுதிய காத்ரின் என்பவர் அறை தருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஐம்பது வயது, டிராம் ஓட்டுகிறார். மகள் வெளியூரில் படிப்பதால் ஓர் அறை காலி. நான் போனபோது அவர் வண்டியில் இருந்தார். வாசலில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி, அதைத் திறக்க நாலு எண், அதற்குள் சாவி. "திறந்து போய்க்கொள், மேசையில் சூப் இருக்கிறது" என்று செய்தி அனுப்பியிருந்தார். அப்பா, அந்தம்மா என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை! நம் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் என்ன ஆளுங்க, எத்தனை சொந்தக்காரங்க வருவாங்க, முட்டை வேக வைப்பீங்களா என்று கேட்டுவிட்டுத்தானே கதவையே திறந்தார்கள்? யாருமில்லாத வீட்டின் நடுவில் சாவியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே நின்றேன்.

அவர் இன்னும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவில் போடுகிறேன் என்றிருக்கிறார்.

உங்கள் மகள்,
யாழினி


லைப்சிக்
12.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாம் கெட்டது. நானே கெடுத்துக்கொண்டேன்.

நாலு மாதமானாலும் குடிபோன வீட்டில் பால் பொங்கியே ஆக வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாங்க. எனக்கும் ஆசைதான். வியாழக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து, கிழக்கே பார்த்து நின்று, ஒரு லிட்டர் பாலை அடுப்பில் வைத்தேன். பொங்கியது. நாலு பக்கமும் வழியட்டும், அதுதான் நல்லது என்று கும்பிட்டுக்கொண்டே விட்டுவிட்டேன். இங்கே அடுப்பு என்பது பழுக்கக் காய்ந்த ஒரு கண்ணாடிப் பலகை. பால் அதில் கருகி, அறை முழுக்கப் புகை. கூரையில் இருக்கிற ஒரு கருவி ஊரையே கூட்டும்படி அலறியது. மூன்று மாடிக்காரர்களும் செருப்போடு படியில் இறங்கி வந்துவிட்டார்கள்.

காத்ரின் ஓடிவந்து ஜன்னல்களைத் திறந்தார். ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "புது வீடு. பால். நிறைய. நல்லது" என்றேன்.  அவர் சத்தம் போடாமல் கருகிய பாலை ஒரு தகட்டால் சுரண்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அதிலிருந்து அவருக்கு எதிரில் வரவே வெட்கமாக இருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு வகுப்புக்குப் போகிறேன், வருகிறேன். நாளை ஞாயிறு. வீட்டை எரிக்கப் பார்த்தவளுக்கு யார் அப்பா கையெழுத்துப் போடுவார்கள்?

யாழினி


காங்கேர் பக்கம், சத்தீஸ்கர்
14.10.2024

யாழினிக்கு அப்பா எழுதுவது.

உன் ரெண்டு கடிதமும் ஒன்றாகத்தான் வந்தன. பால் பொங்க விட்டது தப்பில்லை. கண்ணாடி அடுப்பு என்று பார்க்காமல் விட்டது தப்பு. படித்த பிள்ளைக்கு அதுகூடவா தெரியாது?

அந்தம்மா சத்தம் போடாமல் சுரண்டினார் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. கையெழுத்து கிடைக்காவிட்டால் கிளம்பி வந்துவிடு. நான் அப்பவே சொன்னேனே என்று சொல்ல மாட்டேன். கிடைத்தால் எழுது.

இதை வேலுமணி போட்டோ எடுத்து அனுப்புவான்.

கந்தவேல்


லைப்சிக்
15.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கையெழுத்து கிடைத்துவிட்டது! நேற்றே தாளைக் கொண்டுபோய்ப் பதிந்துவிட்டேன்.

ஞாயிறு காலை காத்ரின் மேசைக்கு முன்னால் என்னை உட்கார வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தாளில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு பெரிய பாத்திரத்தையும் ஒரு லிட்டர் பாலையும் எடுத்து வைத்தார். "மறுபடியும். இந்தத் தடவை மெதுவாக, எனக்குக் காட்டு" என்றார். ஜன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்புமேல் ஒரு தட்டைப் போட்டு, ஒரு ஓரமாக மட்டும் கொஞ்சம் வழிய விட்டோம். பொங்கி வந்தபோது அந்தம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

ஆனால் அப்பா, நான் சொல்ல வந்தது இது இல்லை. தாளோடு கிளம்பியபோதுதான் தலை நிமிர்ந்து கதவைப் பார்த்தேன். பேர் எழுதி ஒட்டியிருந்தது. கீழே அழைப்பு மணியிலும் இருந்தது, தபால் பெட்டியிலும் இருந்தது. பெட்டியில் பேர் இல்லாவிட்டால் இங்கே தபால்காரர் கடிதம் போட மாட்டாராம். காத்ரின் அதை வியாழக்கிழமை விடியற்காலையிலேயே ஒட்டியிருக்கிறார், நான் பால் பொங்க வைப்பதற்கும் முன்னால். நான்தான் குனிந்தபடியே போய்வந்து அதைப் பார்க்கவில்லை.

இங்கே பாஸ்போர்ட்டில் கடைசியாக இருக்கிற பேரைத்தான் எழுதுவார்கள். அதனால் மூன்று இடத்திலும் யாழினி இல்லை. கந்தவேல். வகுப்பில்கூடக் கந்தவேல் என்றுதான் கூப்பிடுகிறார்கள், முதல் நாள் நீங்கள் பின்னால் நிற்கிறீர்களோ என்று திரும்பிப் பார்த்துவிட்டேன்.

போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

உங்கள்,
யாழினி


காங்கேர் பக்கம்
18.10.2024

என் சாமி யாழினிக்கு,

வேலுமணி போட்டோவைப் பெரிசாக அச்செடுத்து வந்தான். எனக்கு அந்த எழுத்து படிக்க வராது என்று விரல் வைத்துக் காட்டினான். "அண்ணா, இதெல்லாம் உங்க பேருங்க" என்றான். மூன்று முறை சொல்லச் சொன்னேன். தலையில் கட்டியிருந்த துண்டு தானாகக் கைக்கு வந்துவிட்டது. அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோயிலில் நிற்கிற மாதிரி நின்றேன். கம்ப்ரசரை நிறுத்திவிட்டுப் பசங்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள்.

முப்பது வருசமாக ஊர் ஊராகப் போர் போடுகிறேன். வண்டியில் முதலாளி பேர். குடியிருக்கிற ஊட்டுக் கல்லில் ஊட்டுக்காரர் பேர். உங்கம்மா கடிதம் போட்டால்கூட முதலாளி பேருக்குக் கீழேதான் என் பேர். என் பேரை ஒரு கதவில் நான் பார்த்ததே இல்லை கண்ணு. அது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் என்று யார் கண்டது? உன்கிட்டப் பேசாமல் இருந்தது என் தப்பு. ஞாயிற்றுக்கிழமை வேலுமணியோடு டவுனுக்கு வாரேன். போன் போடுகிறேன். இது உன் கைக்கு வரும் முன்னாலேயே நாம் பேசியிருப்போம்.

இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தபாலில்தான் போடுகிறேன். அனுப்புவது கந்தவேல், பெறுவதும் கந்தவேல். அந்தப் பெட்டியில் அது விழட்டும்.

நாலு மாசம் முடிந்து அந்த ஊட்டை விடும்போது கதவில் இருக்கிற பேரைக் கிழியாமல் உரித்து வைத்து, ஊருக்கு வரும்போது எடுத்து வா. திருச்செங்கோட்டு ஊட்டுக் கதவில் ஒட்டிக்கொள்ளலாம். ஊட்டுக்காரர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா,
கந்தவேல்