கிழித்த ஒன்பது சீட்டுகள்

மார்ச் 3, ஞாயிறு
சங்கம் பிறந்துவிட்டது. படத் துண்டுகளைச் சேர்த்து ஜிக்சா புதிர் அடுக்கும் பைத்தியங்கள் ஒன்பது பேர், நூலகத்தின் பின்னறையில். தலைவர் பதவிக்கு இருவர்: என் மனைவி, மருந்துக்கடைக்காரர். எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் இழுபறி. எங்களில் ஒருவரான ஆசிரியை, "கை தூக்குனா முடிஞ்சுது. நாம என்ன நாட்டையா ஆளப்போறோம்?" என்றார். நான் சீட்டுதான் என்று அடம்பிடித்தேன். வங்கிக்காரர் ஒன்று, இரண்டு என்று விருப்பத்தை வரிசையாக எழுதச் சொன்னார். நிற்பதே இரண்டு பேர். இதில் என்ன வரிசை?

மார்ச் 10
எந்த முறை என்பதை எந்த முறையில் முடிவு செய்வது? இரண்டு மணி நேரம் இதிலேயே போயிற்று.

மார்ச் 11
எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம்? இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். மனைவி தலைவரானால் எங்கள் சாப்பாட்டு மேசை சங்கக் கடிதங்களால் நிறைந்துவிடும். தினமும் ஏழு மணிக்கு நாங்கள் இருவரும் ஆயிரம் துண்டுகளுக்கு முன்னால் உட்காரும் அந்த ஒரு மணி நேரம் போய்விடும். ஆகவே மருந்துக்கடைக்காரருக்குத்தான் என் ஓட்டு. அதற்கு அவள் கண்முன்னே கை தூக்க முடியுமா? நான் அவ்வளவு தைரியசாலி இல்லை.

மார்ச் 17
ஆசிரியை களைத்துப்போனார். "சீட்டே போடுங்க, ஆளை விடுங்க." வங்கிக்காரர் ஒரு நிபந்தனை வைத்தார்: கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்காமலிருக்க, எண்ணியதும் சீட்டுகளைக் கிழித்துவிட வேண்டும்.

மார்ச் 24
மருந்துக்கடைக்காரர் ஐந்து, அவள் நான்கு.
வங்கிக்காரர் சொன்னபடியே கிழித்தார். கிழித்து மேசைமேல் குவித்தார் — ஜிக்சாக்காரர்கள் முன்னால்! யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பேசிக்கொண்டே எல்லார் கையும் ஓரத் துண்டுகளைத் தனியாகப் பிரித்தது. தேநீர் வருவதற்குள் ஒன்பது சீட்டும் முழுதாகக் கிடந்தன. ஒன்றில் மட்டும் ஊதா மை. அச்சகத்தில் பிழை திருத்தும் என் பேனா. ஊருக்கெல்லாம் பிழை பார்ப்பவனுக்குத் தன் பிழை தெரியவில்லை. அந்தச் சீட்டின் கடைசித் துண்டு அவள் கையில்தான் இருந்தது. வைத்தாள். பார்த்தாள்.

மார்ச் 25
மணி ஏழு ஆயிற்று. மேசையில் கிடக்கும் புதிரில் வானம் மட்டும் பாக்கி. இருவரும் தொடவில்லை.

மார்ச் 26
பேசினாள். "தோத்தது வலிக்கல. எங்கிட்ட சொல்லாம ஒளிச்சுப் பண்ணீங்களே, அதுதான்."
ஏழு மணி, மேசை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன? அந்த ஒரு மணி நேரத்தை நான் யாருக்குக் குடுக்கப்போறேன்?"

மார்ச் 31
ரகசியம் அம்பலமானதால் தேர்தல் செல்லாது என்றார் ஆசிரியை. கை தூக்கும் முறையே வேண்டும் என்று கேட்டது நான். அவளுக்கு முதலில் கை தூக்கியதும் நான்தான். ஐந்துக்கு நான்கு. மருந்துக்கடைக்காரர், "அப்பாடா, இனி கடையைப் பாக்கலாம்" என்று அவளுக்குக் கை கொடுத்தார்.

ஏப்ரல் 9
மேசையில் பாதி சங்கக் கடிதங்கள், பாதி புதிர். மணி ஏழு அடித்ததும் தலைவர் பேனாவை மூடினார்.
"வாங்க, வானம் பாக்கி இருக்கு."