துன்னோம்னுதான் இருக்கும்

12/8 திங்கள், திருப்பதி

காலைலயே புழுக்கம். ஹாஸ்டல்ல தண்ணி இல்ல. மூஞ்ச மட்டும் கழுவிக்கினு டிபார்ட்மென்ட்டுக்கு ஓட்டம்.

எங்க யூனிவர்சிட்டியும் நெதர்லாந்துல ஒரு யூனிவர்சிட்டியும் சேர்ந்து போடற பள்ளிக்கூடப் பாடம். சாப்பாடு, விவசாயம், மாறிப்போன மழை. ஆந்திரா பார்டர் ஊர் தமிழ் ஸ்கூலுக்கு எழுதறது நான். அம்மா பேசினத ரெக்கார்ட் பண்ணி அப்படியே குடுத்திருந்தேன்: "மழ இல்லாத வருசம் புளியங்கொட்டய வறுத்து ஊறவெச்சித் துன்னோம். கேவுரு எல்லாம் நெலம் வெச்சிருந்தவங்க களத்துல. கூலிக்காரங்க வூட்ல ஏது?"

இன்னைக்கு பிரிண்ட் வந்துச்சி. அதே இடத்துல: "நம் முன்னோர் இயற்கையோடு இயைந்து, கேழ்வரகு முதலிய சிறுதானியங்களை உண்டு நலமாக வாழ்ந்தனர்."

யாரு? எங்க அம்மாவா?

13/8 செவ்வாய்

மாத்தினது மேடமேதான். ப்ராஜெக்டே அவங்க கைல. பலமனேர்க்காரங்க, வீட்ல தமிழ், ஆபீஸ்ல தெலுங்கு.

"மாடுதாம்மா துன்னும். பாடப் புஸ்தகத்துல உண்டோம்னு போடணும்."

"எங்க ஊருக்கு கலெக்டர் வந்தாலும் துன்னுட்டுதான் போவாரு மேடம்."

சிரிக்கல. நான் சிரிச்சிட்டேன்.

"புளியங்கொட்டயெல்லாம் எதுக்கு? ஃபாரின்காரங்க நம்மள என்ன நெனப்பாங்க? டிசம்பர்ல நெதர்லாந்து போறவங்க லிஸ்ட் நான்தான் அனுப்பணும். அர்த்தமயிந்தா?"

நல்லாவே புரிஞ்சிச்சி.

வாங்க வேண்டியது: சோப்பு, பேனா ரீஃபில், பாஸ்போர்ட் போட்டோ. போட்டோங்கறத கோடு போட்டு அடிச்சேன். மறுபடி எழுதினேன். போக ஆசை இல்லன்னா அது பச்சப் பொய். ஏரோப்ளேன அண்ணாந்து பாத்ததோட சரி நானு.

15/8 வியாழன், ஊர்ல

லீவு. சத்தியவேடு பஸ்ல நின்னுக்கினே வந்தேன். எங்க நைனா வேர்க்கடலச் செடியப் புடுங்கிப் பாத்துக்கினு இருந்தாரு. ஒரேடியா கொட்டின மழை. பாதி அழுவிப்போச்சி.

அம்மாகிட்ட விஷயத்த சொன்னேன்.

"புளியங்கொட்ட வேணான்னா எடுத்துடுடி. தம்பிக்குப் பொண்ணு பாக்கறோம். எனக்கும் வெக்கமாத்தான் கீது."

மேடம் எழுதினதப் படிச்சிக் காட்டினேன். கரண்டிய கீழ வெச்சிட்டாங்க.

"கேவுரு துன்னு நல்லா இருந்தமா? யாரு குடுத்தாங்க கேவுரு? நெலம் வெச்சிருந்தவங்களா குடுத்தாங்க?"

கரண்டிய திரும்ப எடுத்துக் கொழம்பக் கிண்டினாங்க. அப்புறம்: "எடுக்காத. புளியங்கொட்டையே இருக்கட்டும். அதுதான் துன்னோம்."

19/8 திங்கள், திருப்பதி

வீடியோ மீட்டிங். திரைல நெதர்லாந்து டீச்சர், சிவப்பு ஸ்வெட்டர். அங்க குளிரு போல.

மேடம் சிறுதானியம் பத்திப் பேசிக்கினே இருந்தாங்க. டீச்சருக்கு ஒரே சந்தோஷம். நான் கைய தூக்கினேன். பாக்காத மாதிரி இருந்தாங்க. பேச ஆரம்பிச்சேன், என் மைக்க மூடிட்டாங்க. எழுந்துபோய் அவங்க லேப்டாப் முன்னாடியே நின்னுட்டேன்.

அம்மா சொன்னத முதல்ல தமிழ்ல, துன்னோம்னே சொன்னேன். அப்புறம் என் ஓட்ட இங்கிலீஷ்ல. மழை பொய்ச்சா எல்லார் வயித்துலயும் ஒரே மாதிரி பொய்க்காது. நிலம் இருந்தவங்களுக்கு கேவுரு, இல்லாதவங்களுக்கு புளியங்கொட்ட. இத வுட்டுட்டு பசங்களுக்கு என்ன கிளைமேட் பாடம்?

டீச்சர் சிரிப்ப நிறுத்திட்டு, திரும்ப சொல்லுன்னாங்க. சொன்னேன்.

முடிஞ்சதும் மேடம் கதவ சாத்தினாங்க.

"டிசம்பர மறந்துடு."

"மறந்துட்டேன் மேடம். எங்க அம்மா வாயில மட்டும் கேவுரு போடாதீங்க."