இஞ்ஞாசி சொன்ன இங்கிலீஷ் படம்

சென்னை,
30-8-1961

அன்புள்ள அப்பாவுக்குச் சவரியம்மாள் எழுதிக்கொள்வது.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் ஆகவில்லை. முதலில் நலம் விசாரித்துவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வரலாம் என்று இரண்டு தாள் எழுதிக் கிழித்துப் போட்டேன். கோபத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேச எனக்கு வராது. அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் ஆங்கில மிஸ் இந்த மாத ஆரம்பத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். தலைப்பு, நான் பார்த்த அமெரிக்கப் படங்கள். நன்றாக இருந்தால் கல்லூரி மலரில் போடுவதாகவும் சொன்னார். விடுதியில் மற்றப் பெண்களெல்லாம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கா கஷ்டம்? நம் டாக்கீஸில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ஆட்டத்தை ஒன்று விடாமல் பார்த்து வளர்ந்தவள் நான். திரைக்குப் பக்கத்தில் தகரக் குழாயோடு நின்று, இங்கிலீஷ் படத்துக்கு ஊருக்கே தமிழில் கதை சொல்கிறவரின் மகள். பன்னிரண்டு பக்கம் எழுதினேன். என் அறையில் இருக்கும் நர்கீஸ் அதை வாசித்துவிட்டு, இந்த மாதிரிப் படமெல்லாம் எங்கள் ஊருக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டாள். ஏன் வரவில்லை என்பது இப்போதுதான் எனக்கு விளங்கியிருக்கிறது. அவை எந்த ஊருக்கும் வராத படங்கள்.

நேற்று முன்தினம் கட்டுரை திரும்பி வந்தது. பார்க்காத படத்தைப் பார்த்ததாக எழுதுவது மாணவிக்கு அழகல்ல என்று கடைசிப் பக்கத்தில் சிவப்பு மை. அதோடு விட்டாரா? வகுப்பில் எழுப்பி நிறுத்தி, அந்த வரியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். பார்த்தேன் மிஸ், சத்தியமாகப் பார்த்தேன் என்றேன். அப்படியானால் உனக்குக் கண் இல்லையா என்று கேட்டார். கண் இருந்தது அப்பா. காதைத்தான் உங்களிடம் கொடுத்துவிட்டேன்.

குதிரைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் இறகு செருகிய ஆட்கள் மலை உச்சியில் வரிசையாக நிற்பார்களே, அந்தப் படம். "பூமி இவங்களோடது. வெள்ளைக்காரப் பய வேலி போட வந்திருக்கான். இந்தா குடுக்குறாங்க பாருங்க" என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். ஒவ்வொரு அம்புக்கும் நம் ஊரில் விசில் பறந்தது. கட்டுரையைக் கொடுத்த மறு வாரம் அதே படம் இங்கே ஓடியது. முதல் அம்பு பாய்ந்ததும் நான் கை தட்டினேன். முன் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர்கள்தான் வில்லன்களாம்! அத்தனை பேரையும் சுட்டுத் தள்ளிவிட்டு அந்த வேலிக்காரன் முத்தம் கொடுக்கிறான். பார்க்கிறவர்கள் சந்தோஷமாக எழுந்து ஐஸ்கிரீம் சாப்பிடப் போகிறார்கள். அந்தப் படத்தை எடுத்தவர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் தனி. அதில் மட்டும் நீங்கள் சொன்னதுதான் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நியாயம் வேறு, படத்தில் இருப்பது வேறு இல்லையா?

இன்னொன்று. அமெரிக்காக்காரர்கள் இவ்வளவு குறைவாகப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஒருவன் ஜன்னல் ஓரம் நின்று வெளியே பார்க்கிறான். பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவ்வளவுதான். நம் டாக்கீஸில் அதே ஆள் ஜன்னலுக்குப் போனால் தங்கை கல்யாணம், பங்காளிச் சண்டை, கிணற்றுத் தகராறு எல்லாம் அவன் மனதில் ஓடும். எல்லாம் நீங்கள் ஓட்டியது. ஒரு நிமிஷம் அந்த மனுஷனைச் சும்மா நிற்க விட்டீர்களா?

இதெல்லாம் போகட்டும். போன சனிக்கிழமை மிஸ் எங்களை அழைத்துப்போன படத்துக்கு வருகிறேன். பனி பெய்யும் ஊர். கோதுமைக் காட்டு நடுவில் ஒரு மர வீடு. இருமுகிற அம்மாவை வண்டியில் வைத்து ரயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். சின்னப் பெண் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இது எட்டு வருஷத்துக்கு முன் நம் டாக்கீஸுக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. நம் அம்மாவைக் காசநோய் ஆஸ்பத்திரிக்கு மதராஸ் ரயில் ஏற்றி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. கடைசி ரீலில் ரயில் வந்து நிற்கும். முகத்தில் கறுப்பு வலை போட்ட ஒருத்தி இறங்குவாள். குழந்தை ஓடும். அப்போது நீங்கள் தகரக் குழாயில், "அம்மா வந்துட்டா! சொகமாகி வந்துட்டா, பாருங்க!" என்று கத்தினீர்கள். கொட்டகையே அழுதுகொண்டு கை தட்டியது. நாகல் நகர் பூக்காரப் பேச்சாயி அக்கா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பார்த்தேன் அப்பா. ரயில் வரும் காட்சிக்கு முன்னால் ஒரு சவப்பெட்டி வருகிறது. பனியில் ஆறு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். திண்டுக்கல்லில் அந்தப் பெட்டி வரவே இல்லை. ரயிலில் இறங்குகிறவள் அம்மா இல்லை. பெரியம்மா. அநாதையாகிப்போன பிள்ளையை அழைத்துப்போக வந்தவள்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளிலிருந்து, மாதா கோயில் ஞானோபதேச வகுப்புக்குப் போகிறேன் என்று உங்களிடம் பொய் சொல்லிவிட்டு, தினம் ஸ்டேஷனுக்குப் போனேன். மதராஸிலிருந்து வரும் சாயங்கால வண்டிக்காக நின்றேன். நம் அம்மாவுக்குக் கறுப்பு வலை இருக்காது, சேலை முக்காடுதான் இருக்கும், அடையாளம் தவறிவிடக் கூடாது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். பதினொரு நாள் நின்றேன். பன்னிரண்டாம் நாள் தந்தி வந்தது. அந்தத் தந்தியை நான் நம்பவில்லை. நீங்கள் ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னதைத்தான் நம்பினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் படம் செப்டம்பர் பத்தாம் தேதி நம் டாக்கீஸுக்கு மறுபடி வருகிறது, கூட்டம் இப்போதே விசாரிக்கிறது என்று போன கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தீர்கள். இந்தத் தடவையாவது உள்ளதைச் சொல்லுங்கள். செத்தவள் செத்துப்போனாள் என்று சொல்லுங்கள். பெஞ்சில் என்னை மாதிரி ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். சொல்ல முடியாது என்றால் குழாயைக் கீழே வைத்துவிடுங்கள். இரண்டும் முடியாது என்றால் இந்த விடுமுறைக்கு நான் ஊருக்கு வரவில்லை.

இப்படிக்கு,
கோபம் தீராத மகள்
சவரியம்மாள்

தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் வெறுங்காலோடு இறங்காதீர்கள். போன தடவையே கால் வெடித்திருந்தது.

*

திண்டுக்கல்,
11-9-1961

சேசு மரி சூசை துணை

என் மகள் சவரிக்கு அப்பா இஞ்ஞாசி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

உன் கடிதம் வந்தது. உனக்கு மட்டும்தான் கோபம் வரும் என்று நினைத்தாயா? முதல் மூன்று பக்கம் வாசித்ததும் எனக்கும் ரத்தம் கொதித்தது. நீ பட்டணத்தில் குஷன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறாய். இங்கே மெஷின் சத்தம், முறுக்குக்காரன் சத்தம், தரை டிக்கெட்டில் பிள்ளைகள் அழுகிற சத்தம். அதற்குள் அந்த அமெரிக்கன் மூக்கால் பேசுவது அவனைப் பெற்றவளுக்கே விளங்காது. யுத்தத்தில் அசாமில் அமெரிக்கன் முகாமில் மூன்று வருஷம் சமைத்தேன். முட்டை எப்படி வேண்டும், காபி ஆறிப்போச்சு, ஓடு! குண்டு போடுகிறான். இந்த மூன்று இங்கிலீஷ்தான் எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு பதினாலு வருஷம் ஒரு ஊரைச் சமாளித்திருக்கிறேன். உன் மிஸ்ஸை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து என் இடத்தில் நிற்கச் சொல், பார்ப்போம்.

ஜன்னலில் நின்றவனைச் சும்மா விடவில்லை என்கிறாய். செத்த நேரம் நான் வாயை மூடினால், "ஏப்பா இஞ்ஞாசி, தூங்கிட்டியா, அவன் எதுக்கு அம்புட்டு நேரம் அங்கிட்டுப் பாக்குறான், சொல்லு" என்று பெஞ்சைத் தட்டுகிறார்கள். சும்மாதான் பார்க்கிறான் என்றால் விடுவார்களா? வாரம் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு, தோல் அலசிவிட்டு வருகிறவனுக்கு அவன் சும்மா நிற்பதைப் பார்க்க என்ன தலையெழுத்து? வேலி போட வந்தவனை நல்லவன் என்று சொல்ல என் வாய் வராது. உன் மிஸ் அதற்குச் சுழி போட்டாலும் சரிதான்.

அதுவரைக்கும் என் கோபம். அதற்கு மேல் நீ எழுதியதை வாசித்துவிட்டு இரண்டு நாள் தோல் ஷாப்புக்குப் போகவில்லை.

அந்தப் பெட்டியை எடுக்கச் சொன்னது நான்தான். சனிக்கிழமை மெஷின் ரூமில் படத்தை ஓட்டிப் பார்ப்பது வழக்கம், உனக்குத் தெரியும். பார்த்ததும் ஆபரேட்டர் ரஹ்மத்துல்லாவிடம், "பாய், நாளைக்கு எம் மக பெஞ்சில இருப்பா, இந்த எடத்தை மட்டும் வெட்டிருங்க" என்றேன். அவர் கத்தரியை எடுத்தார். திங்கட்கிழமை திருப்பி ஒட்டிப் படத்தை அனுப்பிவிட்டார். உன்னை அன்றைக்கு வீட்டில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பாய். கேட்டால் சொல்ல என்னிடம் என்ன இருந்தது? உன் அம்மா செபாஸ்தியம்மாளுக்கு இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் அதற்கு முந்தின வாரமே எழுதிவிட்டார். அந்தக் கடுதாசி என் சட்டைப் பையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அம்மா வந்துட்டா என்று கத்தினேன். உனக்காக மட்டும் கத்தினேன் என்று சொன்னால் அதுவும் பொய். எனக்கும் அதைக் கேட்க வேண்டியிருந்தது.

நீ ஸ்டேஷனுக்குப் போனது எனக்குத் தெரியாது, தாயி. ஞானோபதேசத்துக்குப் போகிறாய் என்றுதான் நம்பினேன். தெரிந்திருந்தால் ஓடி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். பதினொரு நாள். பாவி நான்.

நேற்று படம் ஓடியது. நீ சொன்னபடி உள்ளதைச் சொல்வது என்று பூசை முடிந்ததும் மாதா முன்னால் முழங்கால் போட்டுவிட்டுத்தான் போனேன். இந்தத் தடவை ஒன்றையும் வெட்டவில்லை. பெட்டி வந்தது. செத்தது அந்த அம்மாதான் என்று குழாயில் சொன்னேன். உடனே பேச்சாயி பெஞ்சில் எழுந்து நின்றுகொண்டு, "ஏய்யா, தப்பாச் சொல்லுற. அது அந்தப் பக்கத்து வீட்டுக் கெழவனோட பொட்டி. ஆத்தாதான் ரயில்ல வருவாளே" என்று சத்தம் போட்டாள். ஆமாம் ஆமாம் என்று நாலு பக்கமும் சொன்னார்கள். எட்டு வருஷமாக இந்த ஊர்ப் பெண்கள் பேசிக்கொண்டிருக்கிற படம் அது. கண்ணுக்கு முன்னால் பெட்டியைப் பார்த்தும் நம்பவில்லை.

கடைசி ரீலில் ரயில் வந்தது. அவள் இறங்கினாள். இது பெரியம்மா என்று ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். குழாயை வாயில் வைத்தேன். பொய்யும் வரவில்லை, நிஜமும் வரவில்லை. குழாயைக் கீழே வைத்துவிட்டேன். யாரும் பெஞ்சைத் தட்டவில்லை. அப்புறம் பேச்சாயிதான், "அந்தா எறங்குறா பாருங்கடி, ஆத்தா வந்துட்டா!" என்று கத்தினாள். கொட்டகை முழுக்கக் கத்தியது. சத்தியமாக நான் சொல்லவில்லை சவரி. அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும். பிள்ளையைக் கட்டிக்கொண்டு அவள் காதில் என்னவோ சொல்கிறாளே, அது என்ன? படம் வந்த இரண்டு தடவையும் பார்த்தேன், எனக்குப் பிடிபடவில்லை. நீ என் சத்தம் இல்லாமல் கேட்டவள். எழுது.

வருவதும் வராததும் உன் இஷ்டம். தெரிசன மாதா உனக்குத் துணை இருக்கட்டும்.

அப்பா
இஞ்ஞாசி

*

சென்னை,
16-9-1961

அன்புள்ள அப்பா,

அவள் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து பிள்ளையின் காதோரம் முகத்தை வைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். சங்கீதம்கூட நின்றுவிடுகிறது. இங்கே அந்த இடத்தில் எல்லாரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் தகரக் குழாய்ச் சத்தம் கேட்டது.

மிஸ் கூப்பிட்டு, கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொடுத்தால் மலரில் சேர்க்கிறேன் என்றார். திருத்த மாட்டேன், நான் பார்த்த படம் அதுதான் என்று சொல்லிவிட்டேன். திமிர் பிடித்தவள் என்றார். சொல்லிவிட்டுப் போகட்டும். என் அப்பாவுக்கு மூன்று இங்கிலீஷ் தெரியும் என்று பதில் சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

என் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பதினொரு நாள் பதினொரு நாள்தான். பேச்சாயி அக்காவோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

23ஆம் தேதி, சனிக்கிழமை, சாயங்கால வண்டியில் வருகிறேன். மறுநாள் பத்து மணி ஆட்டத்துக்குப் பெஞ்சில் இடம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஸ்டேஷனுக்கு வந்து நில்லுங்கள். வண்டி தாமதமானாலும் நில்லுங்கள். நான் இறங்குவேன் அப்பா.

உங்கள் மகள்
சவரி