ஒரே தடவையில் அடைத்த பல்

1992 மார்ச் 11, புதன்

இடது பக்கக் கடைவாய்ப் பல்லால் இன்றும் கடிக்க முடியவில்லை. அடைத்து ஐந்து நாளாகிறது. சூத்தையாக இருந்தபோதுகூட இப்படி வலித்ததில்லை. நல்லூரில் அதை அடைத்த பல் வைத்தியரிடமே திரும்பப் போனேன். என்னிடம் இரசாயனம் படித்தவர்தான். அதற்காக நம்பிவிட முடியாது.

“ரண்டு நாளிலை பழகிப்போம் ரீச்சர்,” என்றார், வாயைப் பார்க்காமலே.

“தம்பி, பல் அடைக்கிற உந்த வெள்ளைப் பசை வெளிச்சத்திலை இறுகேக்கை சுருங்குந்தானே?”

“ஓம், கொஞ்சம்.”

“பல்லோடை ஒட்டிக்கொண்டு சுருங்கினா, பல்லின்ரை சுவரை உள்ளுக்கு இழுக்காதோ?”

“பல்லுக்கும் சோதினை வைக்கிறியளே!” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அன்று குழி முழுவதையும் ஒரேயடியாக நிரப்பி, நீல விளக்கை ஒரு தடவைதான் பிடித்தார். அதைச் சொன்னேன். அவருடைய சிரிப்பு நின்றது.

“சின்னச் சின்னத் தட்டா வைச்சு, ஒவ்வொண்டையும் இறுக்கவேணும்தான். ஜெனரேற்றர் நிக்கப் பாத்துது ரீச்சர், எண்ணெய் இல்லை. அதுதான்...”

பல் வெடித்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார். மிக விரைவாகவே இல்லை என்றார். அந்தப் பக்கத்தில் மெல்லுவதற்கு எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

நாளை அடைப்பைக் கழற்றிவிட்டுத் தட்டுத் தட்டாக வைப்பாராம். மின்சாரமே இல்லாத இந்தத் தடைக்காலத்திலும் எண்ணெய்க்கு ஒழுங்கு செய்துவிட்டாராம். நானே ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கொண்டு போகிறேன். அது ஜெனரேற்றருக்குள் போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன்.