எல்லாருக்கும் போட்ட கண்ணாடி

ஆபரேஷன் தியேட்டர் அலமாரியை ஒதுக்கியபோது அடியில் ஒரு பழைய கையுறை டப்பா கிடந்தது, பவுடர் போட்ட ரகம். திறந்ததும் அந்த மாவு வாசம். அதை மோந்தாலே நீ தும்ம ஆரம்பித்துவிடுவாய். இப்போது பவுடர் இல்லாத கையுறைதான் வருகிறது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம்.

நாகர்கோவிலில் அந்தச் சின்னக் கண் ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் ஒன்றாகத்தான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தோம். ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் மாதிரி வைரஸ் என்று வந்தவரைக் கடைசி ஆளாக எடுப்பது அங்கே வழக்கம். அவருக்கு மட்டும் நாம் இரண்டு ஜோடி கையுறையும், ரத்தம் தெறிக்காமல் கண்ணை மூடும் பிளாஸ்டிக் கண்ணாடியும் போடுவோம். மற்றவர்களுக்கு ஒரு ஜோடி போதும், கண்ணாடி கிடையாது. ரிப்போர்ட் நன்றாக இருந்தால் பயமில்லை என்று எல்லோரும் நம்பினோம்.

உன் ஊர் குளச்சலில் இருந்து ஒரு மீன்பிடிக்காரர் புரை ஆபரேஷனுக்கு வந்தார். ரிப்போர்ட்டில் வைரஸ் இருந்ததால் அவர்தான் கடைசி ஆள்; காலையிலிருந்து கதவருகே உட்கார்ந்து, கண்ணாடி இல்லாமல் உள்ளே போய் வருகிற நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மேஜையில் படுத்ததும் கேட்டார்: “எனக்கு மட்டும் எதுக்கு சிஸ்டரே இந்த வேஷம்?”

டாக்டர் விளக்கைச் சரிசெய்தார், நான் தட்டில் கருவிகளை அடுக்கினேன். நீதான் அவர் தோளைத் தொட்டு, “இனி எல்லாருக்கும் இதுதான் அண்ணே” என்றாய்.

சமாதானத்துக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். மறுநாள் முதல் ஆபரேஷனுக்கே கண்ணாடியோடு வந்து நின்று, இன்னொன்றை என் முகத்திலும் மாட்டிவிட்டாய். மூச்சுக்காற்றில் அது மங்கும், காதோரம் வலிக்கும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வெல்டிங் கடைக்காரி என்று உன்னைக் கூப்பிட ஆரம்பித்தேன், மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். நீ அசையவில்லை. “டெஸ்ட்டுல தெரியாதவங்களும் உண்டும் மக்கா” என்பாய், அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் மத்தியானம், தூண்டில் முள் கண்ணில் ஏறிய ஒருவரை அவசரமாகக் கொண்டுவந்தார்கள். ரத்தத்தை எடுத்து அனுப்பிவிட்டு, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் ஆரம்பித்தோம். எனக்கு அப்போது ஆறாம் மாதம். டாக்டர் காயத்தைக் கழுவும்போது சிரிஞ்சின் முனை கழன்று, ரத்தம் கலந்த நீர் நேராக என் முகத்தில் அடித்தது. எல்லாம் கண்ணாடியில் விழுந்தது. அது இல்லாவிட்டால் என் கண்ணுக்குள் போயிருக்கும்.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. ஹெபடைட்டிஸ் சி. தடுப்பூசியே இல்லாத ரகம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். “நான் சொன்னேனா இல்லையா” என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு உன்னை யாரும் வெல்டிங் கடைக்காரி என்று கூப்பிடவில்லை.

மார்பில் வந்த புற்றுநோய் உன்னைக் கட்டிலில் போட்டபோது, டிரிப் ஏற்ற வாரம் தவறாமல் குளச்சலுக்கு வந்தேன். முதல்நாள் வெறுங்கையோடு உன் கையைப் பிடித்து நரம்பு தேடினேன்.

“கிளவுஸ் எங்க?” என்றாய்.

“ஒனக்குப் போயா?”

“எனக்கும் போடு மக்கா. எல்லாருக்கும்னுதானே சொன்னோம்.”

பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். நரம்பு சரியாகத் தெரியவில்லை. நீ என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய். “கண்ணாடியும் போட்டிருக்கணும். இப்பப் பாரு, கண்ணெல்லாம் தண்ணி.”

அன்று வயிற்றில் இருந்த என் மகள் இப்போது எட்டாம் வகுப்பு. நீ போய்ச் சேர்ந்த பிறகும் நான் முதல் ஆளிலிருந்தே கண்ணாடி போடுகிறேன். இன்னமும் அது மங்கத்தான் செய்கிறது.