‘ஃப்ரெண்ட்’ என்ற சொல்லுக்கு ஐந்து வாக்கியங்கள்

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கை பழக்கத்தில் இப்படி எழுதிவிட்டது. கோர்ட்டில் தீர்ப்பாகி உங்கள் மகனும் என் மகளும் ஆளுக்கொரு பக்கம் போன பிறகு, உங்களை இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. அடித்துவிட்டு வேறு எழுதலாமென்றால், வேறு என்ன எழுதுவதென்றும் தெரியவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் நலம். நீங்கள் நலமா? உங்கள் முதுகுவலி நலமில்லாமல் போய்விட்டதா?

என் வேலையில் மாற்றமில்லை. பஸ் டிப்போவில் அதே தொலைந்த பொருள் கவுண்டர், அதே குடைகள். கவுண்டரில் உட்காருகிறவர்கள் எல்லோரும் இங்கிலீஷ் பேசியே ஆக வேண்டும் என்று புது மேனேஜர் ஒற்றைக் காலில் நிற்கிறார். அதனால் சாயங்காலம் மாடியில் வகுப்பு. டீச்சர் சின்னப் பெண், எப்போது பார்த்தாலும் ஜலதோஷம். போன வாரம் ஒரு டப்பாவில் சீட்டுகளைப் போட்டு ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னாள். சீட்டில் உள்ள சொல்லுக்கு அர்த்தம் எழுத வேண்டும். அதே பொருள் தரும் மற்ற சொற்களைத் தேடி, எதை எங்கே போடுவது என்று தெரிகிற மாதிரி ஐந்து வாக்கியங்கள் எழுத வேண்டும். பக்கத்தில் இருந்த டிரைவருக்கு ‘ஓல்டு’ வந்தது. தன்னைப் பற்றியே எழுதி முடித்துவிட்டார். எனக்கு வந்தது ‘ஃப்ரெண்ட்’.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். எனக்கும் சுலபம் என்றுதான் பட்டது. எழுத உட்கார்ந்தால் எந்தச் சொல்லுக்கும் நீங்களே வந்து நிற்கிறீர்கள்.

முதலில் ‘அக்வெய்ண்டன்ஸ்’. பல்லை உடைக்கிற சொல். முகம் தெரியும், பேர் தெரியும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது என்கிற ஆளுக்கு அதைப் போட வேண்டுமாம். கல்யாணப் பேச்சுக்கு முதல்முறை வந்தபோது என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் என் வீட்டு ஜன்னலையே முறைத்துக்கொண்டிருந்தீர்கள். சரியான தலைக்கனம் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் எழுந்து, ‘இந்தத் திரையை யாருங்க தச்சது? ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குதே’ என்றீர்கள். திரை தைப்பதுதான் உங்கள் தொழில் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதுவரை நாம் அக்வெய்ண்டன்ஸ்.

அடுத்தது ‘கலீக்’. சேர்ந்து வேலை செய்கிறவர். கல்யாண ஹாலில் நாற்காலிக்காரரோடு நான் சண்டை போட, நீங்கள் பின்னால் போய் உடைந்த நாற்காலிகளை எல்லாம் சத்தமில்லாமல் தனியாக எடுத்து வைத்தீர்களே, அது. அன்றைக்குத்தான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் ‘இவங்கதான் எங்க வாயாடி சம்பந்தி’ என்று சொல்ல ஆரம்பித்தீர்கள்.

‘கம்பேனியன்’ என்றால் துணைக்கு வருகிறவர், வழி நெடுகக் கூட இருப்பவர். இதற்கு எனக்குக் கோர்ட் வராந்தாதான் ஞாபகம் வருகிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்திருக்க, நாம் இரண்டு பேரும் நடு பெஞ்சில் ஒரே பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்போம். என் மகளின் வக்கீல் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘எதிர்த்தரப்போட உக்காந்து பன்னு சாப்பிட்டா நம்ம கேஸ் என்னம்மா ஆகுறது?’ என்று கேட்டார். ‘அவங்க காசு குடுத்து வாங்கினது சார், வேஸ்ட் பண்ண முடியுமா?’ என்றேன். மனிதர் தலையில் அடித்துக்கொண்டார்.

தப்பு யார்மேல் என்று நாம் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. என் மகளுக்கு நாக்கு நீளம், உங்கள் மகனுக்கு வாயே கிடையாது. இதற்குமேல் எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

ஆனால் தீர்ப்பன்றைக்கு பஸ் ஸ்டாப்பில், ‘இனிமே நாம பேசிக்கிட்டா பசங்களுக்குத்தான் சங்கடம்’ என்று சொன்னீர்கள். நம் பஸ் வந்தது. நீங்கள் ஏறவில்லை. அடுத்ததில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிட்டீர்கள். தீர்ப்புக்குக்கூட நான் அழவில்லை சம்பந்தியம்மா. அந்தப் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கவே தயங்கினார்.

போகட்டும். விஷயத்துக்கு வருகிறேன். என் வலது கண்ணில் புரை. வரும் பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை ஆபரேஷன். பெரிய விஷயமில்லை, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் கூட ஓர் ஆள் வேண்டும், வீட்டிலும் சில நாள் துணை இருக்க வேண்டும் என்கிறார்கள். மகளுக்குப் புது வேலை, லீவு கிடையாது, நர்ஸ் ஏற்பாடு செய்கிறேன் என்கிறாள். உங்களைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். ‘அவங்க இப்ப நமக்கு யாரும்மா?’ என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

அந்த வாரம்தான் எனக்கு அந்தச் சீட்டு வந்தது. ‘சம்பந்தி’க்கு இங்கிலீஷில் என்ன என்று டீச்சரைக் கேட்டேன். ஒரு தும்மல் போட்டு யோசித்துவிட்டு, அப்படி ஒரு சொல் கிடையாது என்றாள். ‘என் மகளின் கணவரின் அம்மா’ என்று ரயில் மாதிரி நீட்டிச் சொல்ல வேண்டுமாம். நமக்கு இப்போது அதிலும் ஒரு ‘முன்னாள்’ பெட்டியைச் சேர்க்க வேண்டும். அப்புறம் அகராதியைப் புரட்டி, ‘ஃப்ரெண்ட்’ என்பதற்கு அர்த்தம் படித்தாள். நமக்கு நன்றாகத் தெரிந்தவர், நமக்குப் பிடித்தவர், பெரும்பாலும் நம் குடும்பத்தைச் சேராதவர். கடைசியில் சொன்னதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள்.

யோசித்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு அப்புறம் நாம் பழகியதெல்லாம் பிள்ளைகளுக்காகத்தான் என்று சொல்லிவிடலாம், உறவு, மரியாதை, வேறு வழியில்லை. இப்போது நமக்குள் எந்தக் கட்டாயமும் இல்லை. இப்போது பழகினால் அது நமக்குப் பிடித்துப் பழகுவது மட்டும்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரி கவுண்டரில், கூட இருக்கப்போவது யார் என்று கேட்டார்கள். உங்கள் நம்பரைக் கொடுத்தேன். உங்களைக் கேட்காமல் கொடுத்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், திட்டுங்கள். ‘அவங்க உங்களுக்கு என்ன வேணும்?’ என்று கேட்டாள் அந்தப் பெண். ‘ஃப்ரெண்ட்’ என்றேன். தலையைக்கூட நிமிர்த்தாமல் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டாள். அவ்வளவுதான் வேலை.

இன்னொன்று. நேற்று உங்கள் மகன் என் கவுண்டருக்கு வந்தார். பஸ்ஸில் குடையை விட்டுவிட்டாராம். என்னைப் பார்த்ததும் ‘அத்தை’ என்றார், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு ‘ஆன்ட்டி’ என்றார். அடையாளம் கேட்டேன், ‘கறுப்பு’ என்றார். என்னிடம் இருக்கிற குடையெல்லாம் கறுப்பு. தேடிக் கொடுத்தேன். போகும்போது திரும்பி, ‘உங்க ஜன்னல் துணியை அம்மா இன்னும் மெஷின்மேலதான் வச்சிருக்காங்க. எடுத்து வைக்கவும் மாட்டேங்கிறாங்க, தைக்கவும் மாட்டேங்கிறாங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கடிதம்.

கேஸ் வருவதற்கு முன்னால் நீங்கள் தைத்துத் தந்த ஒற்றைத் திரை இன்னமும் அப்படியே தொங்குகிறது. ஜன்னலின் மறுபாதி மொட்டையாக நிற்கிறது. கடைத்துணி வாங்கி மாட்டிக்கொள்ள எனக்கு இத்தனை நாள் மனம் வரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் கண் கூசும் என்கிறார் டாக்டர். என் கட்டில் இருப்பது அந்த மொட்டைப் பக்கம்தான்.

வீட்டுப்பாடத்தில், ஆஸ்பத்திரியில் சொன்ன ‘ஃப்ரெண்ட்’ வரைக்கும் நாலு வாக்கியங்களை எழுதிவிட்டேன். ஐந்தாவதற்கு இடம் விட்டிருக்கிறேன். பதினெட்டாம் தேதி கழிந்துதான் அதை எழுத முடியும்.

திரை தைத்து முடியாவிட்டால் பரவாயில்லை, துணியாகவே கொண்டுவாருங்கள், ஆணியில் மாட்டிக்கொள்ளலாம். அதையும் கொண்டுவர மனம் வராவிட்டால் அதையும் விடுங்கள். நீங்கள் மட்டும் வாருங்கள். வெளிச்சத்தை நான் எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி