கடல் வற்றும் காலைகள்

கோயம்புத்தூர்
2 மார்ச் 2025

அன்புள்ள ஜைனப்புக்கு,

சரஸ்வதி எழுதுகிறேன். சிங்கப்பூரில், மார்சிலிங்கில் உன் பக்கத்து வீட்டில் இருந்த சரஸ்வதி. பதினாறு வருடம் ஆகிவிட்டது, இப்படித்தான் என்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நீ, ஹமீது பாய், ஹனீன் மூவரும் நலம்தானே? நாங்கள் நலம். ரித்திக்குக்கு இருபத்திரண்டு வயது முடியப்போகிறது. விலங்கியல் படித்து முடித்துவிட்டான். ஆகஸ்டில் சென்னையில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்கு முன்னால் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்கிறான். கோயில், சொந்தக்காரர் வீடு என்று நான் சொன்னால், "கடற்கரைதான்மா பார்க்கணும்" என்று நிற்கிறான். இணையத்தில் தேடிக்கொண்டிருந்தவன் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உன் படத்தைக் காட்டினான். 'கடல் வற்றும் நேரத்தில் கரையோர நடை, தமிழிலும் உண்டு' என்று போட்டிருந்தது. "இது அந்த ஜைனப் ஆன்ட்டியாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அதில் உன் முகவரியோடு போன் நம்பரும் இருந்தது. பேசினால், நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் கடிதம்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு எந்த மாதம் நல்லது? என்னென்ன பார்க்கலாம்? நேரமிருந்தால் எழுது. ரித்திக் அப்பாவுக்கு நான் எழுதுவது தெரியாது.

இப்படிக்கு,
சரஸ்வதி


ஃபேரர் பார்க், சிங்கப்பூர்
17 மார்ச் 2025

அன்புள்ள சரஸ்வதிக்கு,

இறைவன் அருளால் எல்லாரும் நலம். உன் கடிதம் வந்தபோது நோன்பு திறக்க அரை மணி நேரம் இருந்தது. உறையின் மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் உள்ளே பெயரைத் தேட வேண்டியிருக்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

கடற்கரைதான் பார்க்க வேண்டுமென்றால், ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்து வந்துவிடக் கூடாது. செப்டம்பர் முதல் மார்ச் வரை சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்கு வெளிநாட்டுப் பறவைகள் வரும். சைபீரியாவிலிருந்து பறந்து வந்து இங்கே சேற்றில் புழு பொறுக்கும். ஆனால் நவம்பரிலிருந்து மழை. குடையும் கையுமாக நிற்க வேண்டும். அப்போது கடல் நன்றாக வற்றுவதும் இருட்டிய பிறகுதான். ரித்திக் ஆசைப்படுவது கடல் தரையைப் பார்க்க என்றால், ஜூனில் வரட்டும். அமாவாசையை ஒட்டி மூன்று நான்கு நாள், விடியும் நேரத்தில் சாங்கிக் கரை ஒரு பெரிய மைதானம்போல் வெளியே வந்து கிடக்கும். நட்சத்திர மீன், கடல் அட்டை, விரல் நுனியளவு நண்டு எல்லாம் காலடியிலேயே இருக்கும். இந்த ஆண்டு ஜூன் 25 அமாவாசை. 27ஆம் தேதி காலை நான் ஒரு குழுவை அழைத்துப் போகிறேன்.

மற்ற நாளில் சாங்கியிலிருந்து படகு ஏறி உபின் தீவுக்குப் போகலாம். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும், பொறுமை வேண்டும். அங்கே சைக்கிள் ஓட்டலாம். ஜூனில் முள் முள்ளாக டுரியான் பழம் விழும், மரத்தடியில் தலையைப் பார்த்து நடக்க வேண்டும். செயின்ட் ஜான்ஸ் தீவில் பூனைகள் அதிகம், கூட்டம் குறைவு. சாயங்காலம் மரினா பரேஜ் புல்வெளியில் காற்றாடி விடுவார்கள், உனக்குப் பிடிக்கும்.

ஹனீன் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்க்கிறாள். இவர் ஜாலான் புசாரில் ஹார்டுவேர் கடையை இன்னும் விடவில்லை. நான் ஒன்பது வருடமாக இந்தக் கடற்கரை வேலை செய்கிறேன்.

இப்படிக்கு,
ஜைனப்


கோயம்புத்தூர்
4 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜைனப்,

பெருநாள் நல்லபடியாகக் கழிந்ததா? நம் அடுக்குமாடி புளோக்கில் நீ பெருநாளன்று கொடுத்தனுப்பும் சேமியாவை ரித்திக் வழியிலேயே பாதி சாப்பிட்டுவிட்டுத்தான் என்னிடம் தருவான்.

கடலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், உன்னைப் பற்றி மூன்று வரி. பறவைக்கும் பூனைக்கும் கொடுத்த இடத்தை எனக்கும் கொடுத்திருக்கலாம். ஆனால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? முதல் கடிதத்திலேயே எழுத வேண்டியதை நான்தான் எழுதாமல், எந்த மாதம் நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஜூன் விடுமுறையில் நீ என் வாசலில் நின்று, "சரசு, ஹனீனைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன், ரித்திக்கையும் அனுப்புறியா?" என்று கேட்டாய். நான்தான் அவனுக்குக் கால்சட்டை மாற்றி, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்து அனுப்பினேன். அவனுக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜோசியர் சொன்னதிலிருந்து இவர் அவனை நீச்சல் குளத்துப் பக்கம்கூட விட்டதில்லை. இவர் காலை வேலைக்குப் போயிருந்தார். ஒரு நாள் பிள்ளை விளையாடட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

கடல் திரும்பி ஏறியது, அவன் மணல் திட்டில் தனியாக மாட்டிக்கொண்டது, தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர் குதித்துத் தூக்கி வந்தது எல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பார்த்தது ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்த பிள்ளையை. இவர் ஓடி வந்து, "யாரைக் கேட்டு அனுப்பினே?" என்று என்னைக் கேட்டார். நான், "என்னைக் கேக்கல. அவளா கூட்டிட்டுப் போயிட்டா" என்றேன்.

நீ மூன்றடி தள்ளி நின்றாய். உடம்பெல்லாம் மணல். அவர் உன்னைப் பார்த்துக் கத்தியதை எல்லாம் கேட்டுக்கொண்டு என்னை ஒரு முறை பார்த்தாய். வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று இத்தனை வருடம் உன்மேலேயே எனக்குக் கோபம். திறந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடமும் இல்லை, ரித்திக்கிடமும் இல்லை. மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

சரசு


ஃபேரர் பார்க்
20 ஏப்ரல் 2025

சரசு,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதலாவதில், எனக்குக் கோபமே இல்லை என்று எழுதியிருந்தேன். அது பொய். இரண்டாவதில் இருந்ததை நீ படிக்காமலிருப்பதே நல்லது.

நீங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அதே புளோக்கில் இன்னும் மூன்று வருடம் இருந்தேன். கீழே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் பெண்கள் நான் வருவதைப் பார்த்ததும் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வார்கள். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. இழுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஹனீனின் பிறந்தநாளுக்கு எட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டோம், ஒரு பிள்ளை வந்தது. இவர் கேட்டார்: "நீ கேட்டுத்தானே கூட்டிட்டுப் போனே?" கேட்டேன் என்றேன். "அப்ப ஏன் சொல்லல?"

உனக்கும் அதே பதில்தான். பிள்ளையைத் தண்ணீருக்குள் விட்டது நான். இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள், நான் ஹனீன் பின்னால் போனேன். திரும்பிப் பார்த்தபோது அவனுக்கும் எனக்கும் நடுவில் தண்ணீர். அதைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு, கேட்டேனா கேட்கவில்லையா என்று வாதாட எப்படி வாய் வரும்? உன்னைக் காப்பாற்ற நான் சும்மா இருக்கவில்லை சரசு. அந்தப் பெருமையை எனக்குக் கொடுக்காதே. எனக்கு நானே தண்டனை கொடுத்துக்கொண்டேன். உன் பொய் அதற்கு வசதியாக இருந்தது.

ஆறேழு வருடம் கடல் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள், நமக்கு அன்றைக்குத் தெரியாமல் போனது என்ன என்று படிக்க ஆரம்பித்தேன். கடல் எந்த நேரத்தில் திரும்பும், எந்தத் திட்டு முதலில் மூழ்கும், பத்துப் பேரை எப்படி எண்ணிக்கொண்டே நடப்பது. அப்படித்தான் இந்த வேலைக்கு வந்தேன். இதுவரை என் குழுவில் யாருக்கும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

ரித்திக்கைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு ஆசை இருக்கிறது. அவன் பெயரைப் படித்ததிலிருந்து இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதே. அவனுக்கு இருபத்திரண்டு வயது ஆகியிருக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று சட்டம் சொல்லலாம். பரமசிவம் அண்ணனுக்குத் தெரியாமல் இரண்டாவது முறையும் அவர் பிள்ளையை நான் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன். நீ அவரிடம் சொல். அன்றைக்கு நடந்ததையும் சேர்த்துச் சொல். பிறகு டிக்கெட் போடு.

ஜைனப்


கோயம்புத்தூர்
11 மே 2025

அன்பு ஜைனப்,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் பீரோவில் புடவைக்கடியில் இருந்தது. அதற்குமேல் முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தேன். நடுவில் நிறுத்தினால் திரும்ப வராது என்று ஒரே மூச்சில் சொன்னேன். ரசம் சோறு அவர் கையிலேயே காய்ந்துவிட்டது.

"அப்ப அந்தம்மா கேட்டாங்களா?" என்றார்.

"கேட்டா. நான்தான் அனுப்பினேன்."

"நான் ஆஸ்பத்திரியில அவங்கள என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

இருக்கிறது என்றேன். அவர் எழுந்து கை கழுவப் போனார். அப்போதுதான் ரித்திக் வாயைத் திறந்தான். "அப்பா, இதையும் கேட்டுக்குங்க. நான் காலேஜ்ல நீச்சல் கத்துக்கிட்டேன். மூணு வருஷமாச்சு." இவர் குழாயைத் திறந்தபடியே நின்றார். "இந்த வீட்ல யாராவது எங்கிட்ட உண்மை பேசுவீங்களா?" என்று கேட்டார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான். ஐந்தாம் நாள் காலை காபி கொடுத்தபோது, "எந்தத் தேதின்னு எழுதியிருக்காங்க?" என்றார். சொன்னேன். சாயங்காலம் ரித்திக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து டிக்கெட் போட்டார். மூன்று டிக்கெட்.

அவர் உன்னிடம் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது. கடற்கரைக்கு வருவாரா என்றும் தெரியாது. இந்த நான்கு நாளில் எனக்கு ஒன்று புரிந்தது. அவர் கோபத்துக்குப் பயந்துதான் அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொன்னேன். அந்தக் கோபம் மொத்தமே நான்கு நாள்தான். அதற்காகப் பதினாறு வருடம் உன்னை இழந்திருக்கிறேன்.

உன் சரசு


ஃபேரர் பார்க்
29 மே 2025

என் அன்பு சரசு,

படித்தேன். இவருக்கும் படித்துக் காட்டினேன். "மூணு டிக்கெட்டா!" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

பழைய ஷூ கொண்டு வாருங்கள், நனைந்தால் கவலைப்படாத ஷூ. செருப்பு கூடாது, சேறு பிடுங்கிக்கொள்ளும். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் போதும். 27ஆம் தேதி காலை ஐந்தரைக்கு நம் வண்டி. அண்ணன் வர விரும்பாவிட்டால் கரையில் பெஞ்சு இருக்கிறது, காற்று நன்றாக இருக்கும், அவரை யாரும் வற்புறுத்த வேண்டாம். முதல் நாள் இரவுச் சாப்பாடு என் வீட்டில். ஜாலான் புசாரில் தங்கினால் நடந்தே வந்துவிடலாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது சரசு. நூற்றுக்கணக்கான பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். இந்த ஒருவனுக்காக, மனப்பாடமான நேரத்தைத் தினமும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். பத்திரமாக வந்து சேருங்கள். அல்லாஹ் காவல்.

ஜைனப்


கோயம்புத்தூர்
9 ஜூலை 2025

என் ஜைனப்,

வீடு வந்து ஒரு வாரம் ஆகிறது. ஷூவில் இன்னும் சாங்கி மணல் கொட்டுகிறது. ரித்திக் படம் எடுத்ததையெல்லாம் பெயர் எழுதி வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறான். சுங்கை பூலோவுக்குப் பறவைகள் வரும்போது லீவு போட்டுவிட்டு வருவேன் என்று இப்போதே சொல்கிறான், இன்னும் வேலையில் சேரவில்லை!

உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இவர் திடீரென்று எழுந்து நின்றதை நான் எதிர்பார்க்கவில்லை. "அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா" என்றார். நீயோ, "உட்காருங்கண்ணே, சாப்பாடு ஆறிப் போவுது லா" என்று சிங்கப்பூர்ப் பேச்சில் சொல்லி அவர் தட்டில் மீன் வைத்தாய். அதற்குப் பிறகு சமையலறையில் நீ எவ்வளவு நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றாய் என்பது எனக்குத் தெரியும். பாத்திரம் ஒன்றும் கழுவப்படவில்லை.

இதெல்லாம் உனக்கும் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

27ஆம் தேதி காலை இவர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். நீங்கள் எல்லாரும் இறங்கிப் போனீர்கள். நான் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே, ஈர மணலில் நான்கடி வைத்துவிட்டு நின்றேன். அதற்கு மேல் கால் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாரோ வந்து நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் இவர், கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு.

வெளிச்சம் வந்திருந்தது. நீ தூரத்தில், தண்ணீர் விளிம்புக்குப் பக்கத்தில் குனிந்து எதையோ பார்த்தாய். பிறகு கையை அசைத்து ரித்திக்கைக் கூப்பிட்டாய். அவன் மற்றவர்களை விட்டுவிட்டு உன்னை நோக்கி ஓடினான். அவனுக்கு இருபத்திரண்டு வயது, நீச்சல் தெரியும், தண்ணீர் கணுக்காலுக்குக்கூட வரவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் என்னை அறியாமல் "ரித்திக்" என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன்.

இவர் என் கையைப் பிடித்தார்.

"கூப்பிடாதே. ஜைனப் கூடத்தானே இருக்கான்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் உங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை ஜைனப். குனிந்து, காலடியில் ஓடிய ஒரு சின்ன நண்டு எந்த ஓட்டைக்குள் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

உன்
சரசு